நாற்பத்தொரு நிமிடச் சாட்சி

பிணம் ஷெட்டின் நடுவில் ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது.

எல்லோரும் அதைப் பிணம் என்றுதான் சொன்னார்கள். தலைக்கு மேல் ஒரு மின்விளக்கு, காலடியில் கிழிந்த துணி, சுற்றிலும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போலக் கைகட்டி நின்ற நான்கு பேர். அழுவதற்கு மட்டும் ஆளில்லை. அந்தக் குறையைத் தலைவர் தீர்த்துவைத்தார்.

"எழுபது வயசு இவளுக்கு!" என்று பெட்ரோல் டேங்க்கைத் தடவினார். "ஒரு நாள் படுத்ததில்லை!"

"படுத்தா பெட்ரோல் கொட்டிடுமே சார்" என்றான் குறிப்பு.

தலைவர் அவனை முறைத்தார். அம்மணியும் முறைத்தார். இரண்டு முறைப்பும் ஒரே எடைதான். ஆனால் அம்மணியின் முறைப்பில் மாதச் சம்பளம் அடங்கியிருந்ததால் அவன் வாயை மூடி நோட்டைத் திறந்தான்.

நோட்டும் கையுமாகவே திரிவதால் அவனுக்குக் குறிப்பு என்று பெயர். வயது முப்பத்திரண்டு. துப்பறியும் அம்மணிக்கு உதவியாளன். அம்மணி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் உட்கார்ந்து, "உங்கள் கடை தானாகத் தீப்பிடிக்கவில்லை ஐயா" என்று மரியாதையாகச் சொல்லும் வேலை பார்த்தவர். அந்த மரியாதை அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறிய வந்துவிட்டார்.

அழுதுகொண்டிருந்த தலைவர் நாட்டுக்குத் தலைவர் இல்லை. பழம்பெரும் இருசக்கர வாகன உரிமையாளர் நலச் சங்கத்துக்குத் தலைவர். உறுப்பினர்கள் நாற்பத்தைந்து பேர். சங்கத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வண்டிகளில் பாதி அணைந்துவிடும். பதினெட்டு வருடமாக இவரே தலைவர். தேர்தலில் எதிர்த்து நின்றவர்கள் உண்டு. அவர் பேச்சு முடியும்வரை நின்றவர்கள்தான் இல்லை.

அன்று காலை எட்டு மணிக்குச் சங்கத்தின் ஆண்டு ஊர்வலம். முதல் வண்டி தலைவருடையது. கையை உயர்த்தினார், கூட்டத்தைப் பார்த்தார், கிக்கரை உதைத்தார். கிக்கர் காலோடு கீழே போய்க் காலோடு மேலே வந்தது. நடுவில் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. அறுபது உதை உதைத்தார். பின்னால் நாற்பத்துநான்கு வண்டிகள் புகைவிட்டுக் காத்திருந்தன. கடைசியில் செயலாளரின் வண்டியில் பின்சீட்டில் தொற்றிக்கொண்டு ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். எல்லோர் போனிலும் அந்தப் போட்டோ இருந்தது.

"என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா சார்?" என்றார் அம்மணி.

"கண்டுபிடிக்கறதா! மூடியைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு மேடம்." தலைவர் இஞ்சினின் மேல்புறத்தைக் காட்டினார். "இஞ்சினுக்கு ரெண்டு வால்வு. மூக்குக்கு ரெண்டு ஓட்டை மாதிரி. ஒண்ணு உள்ளே இழுக்க, ஒண்ணு வெளிய விட. அதைத் தள்ளித் திறக்கக் கீழேருந்து ரெண்டு தண்டு வருது. தண்டுக்கும் வால்வுக்கும் நடுவுல தலைமுடி அளவு இடைவெளி வேணும். அந்த இடைவெளி இருந்தாத்தான் வால்வு நல்லா மூடும். இல்லைன்னா?"

"மூடாது" என்றான் குறிப்பு.

"மூடலைன்னா?"

"காத்து போயிடும்."

"உயிரே போயிடும்! நேத்து மத்தியானம் நானே என் கையால அளந்து வெச்ச இடைவெளி. இன்னிக்குக் காலையில பாத்தா சுத்தமா இல்லை. எவனோ ராத்திரியில வந்து ஸ்க்ரூவை இறுக்கிட்டுப் போயிருக்கான்."

"எவனோன்னு சொல்றீங்க. ஆனா பேரையும் சொல்லிட்டீங்களாமே?"

ஷெட் ஓரமாக நின்ற தலைவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மணிக்குப் போன் செய்து வரவழைத்தவர் அவர்தான்.

"என் மச்சான்தான் மேடம். இவளோட தம்பி. ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? அஞ்சு மணிக்கு மீட்டிங். சங்கத்துலேருந்து அவன் பேரை அடிக்கறோம். அதோட இந்த வீட்டு வாசப்படியை அவன் மிதிக்கக் கூடாது. சொன்னா சொன்னதுதான்."

"எனக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை" என்றார் மனைவி, யாரையும் பார்க்காமல். "பொறந்த வீடுன்னு சொல்லிக்க அவன் ஒருத்தன்தான். ஒரு கிக்கர் அமுங்கினதுக்காக என் பொறந்த வீட்டையே பூட்டறார்."

குறிப்பு மணி பார்த்தான். மூன்று இருபது. ஒரு பொறந்த வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயுள்.

அம்மணி நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு இஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த நட்டு மேல ரோஸ் கலர்ல ஒரு கோடு இருக்கே?"

"அது என் முறை!" துக்கத்திலும் தலைவருக்கு முகம் மலர்ந்தது. "செட் பண்ணி முடிச்சதும் நட்டையும் ஸ்க்ரூவையும் சேத்து நகப்பாலிஷால ஒரு கோடு. பின்னாடி எவனாவது திருகினா கோடு ரெண்டா ஒடைஞ்சுடும். என் கையேட்டுல பதினாலாம் பக்கம்." சட்டைப்பையிலிருந்து ஒரு கையேட்டை எடுத்து அம்மணியிடம் நீட்டினார். அட்டையில் அவர் படம். உள்ளே இருபது பக்கம். பின்னட்டையிலும் அவர் படம்.

"ஓஹோ, என் நகப்பாலிஷ் இங்கதான் இருக்கா" என்றார் மனைவி.

குறிப்பு எழுதினான்: கோடு நேராக இருக்கிறது. எதற்கு எழுதினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கோடு கண்ணுக்கு லட்சணமாக இருந்தது, எழுதிவைத்தான்.

"சாட்சி வேணுமா? வாங்க" என்று தலைவர் ஒவ்வொன்றாக இறக்கினார். ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்று மச்சினனிடம். "ஒரு ஸ்பானர் எடுத்துக்கறேன் அத்தான்னு அஞ்சு வருஷம் முன்னாடி சாவி வாங்கிட்டுப் போனான். சாவியும் வரலை, ஸ்பானரும் வரலை." அடுத்தது ரத்தம். இஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்த தகடுகளில் ஓரிடத்தில் சிவப்பாக ஏதோ ஒழுகி, மூன்று தகடு இறங்கிக் காய்ந்திருந்தது. "இன்னிக்குக் காலையில ஊர்வலத்துல பாத்தேன், அவன் விரல்ல பிளாஸ்திரி! இங்க கிழிச்சுக்கிட்டிருக்கான்."

கையும் களவுமாக என்பார்கள். இங்கே கை இருந்தது, களவும் இருந்தது. குறிப்புக்கு மட்டும் அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. குனிந்து முகர்ந்தான். விரலால் தொட்டான். பிறகு, அம்மணி தடுப்பதற்குள், விரலை நாக்கில் வைத்தான்.

"ஐயோ தம்பி!" என்று அலறினார் மனைவி.

குறிப்பு கண்ணை மூடி யோசித்தான். "ஸ்ட்ராபெர்ரி."

"என்னது?"

"ஸ்ட்ராபெர்ரி சார். உங்க மச்சான் ரத்தம் இந்த ருசின்னா அவரைச் சங்கத்துலேருந்து தூக்காதீங்க, ஆராய்ச்சிக்குக் குடுங்க." தொண்டையைச் செருமினான். "உள்ளே குளிரவும் குளிருது. இது இருமல் மிட்டாய்."

தலைவரின் கை சட்டைப்பை வரை போய், பாதியில் நின்று, காதைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது.

அதுவரை வண்டிக்குப் பின்னால் நின்ற செயலாளர் துப்பு துலக்கினார். "அப்போ குற்றவாளி இருமல்காரன். வேலை செய்யும்போது இருமல் வந்திருக்கு. சத்தம் வரக்கூடாதுன்னு மிட்டாயைப் போட்டிருக்கான்."

"போட்டுட்டு வண்டிக்கு எதுக்கு ஊட்டினான்?" என்று கேட்டான் குறிப்பு.

"இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு மேடம். பொறாமை." தலைவர் போனை எடுத்துச் சங்கத்துக் குழுவைத் திறந்தார். "நேத்துதான் ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். 'வீட்டிலேயே வால்வு இடைவெளி சரிசெய்தல்: முதல் பாகம்.' நாப்பத்தொரு நிமிஷம். நாலு பத்துக்குப் போட்டேன். நாலு பன்னிரண்டுக்குள்ள நாப்பத்துமூணு பேரும் கைதட்டியாச்சு!"

அம்மணி படித்தார். 'அருமை.' 'கண்களில் நீர் பெருகியது.' 'நம் தலைமுறைக்கு ஒரு பாடம்.'

"அவன் மட்டும் கமுக்கம். கைதட்டலை. நாலு அம்பத்திரண்டுக்கு வந்து ஒரே ஒரு வரி: 'எல்லாரும் முழுசா பாத்தீங்களா?' கொழுப்பைப் பாருங்க!"

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"பாத்தோம் பாத்தோம்னு நாப்பத்துமூணு பேரும் போட்டோம்" என்றார் செயலாளர். "நான் ரெண்டு தடவை பாத்தேன்னு போட்டேன்."

"வீடியோவை யாரு எடுத்தது?"

"நான்தான்" என்றார் மனைவி. "இவர் வண்டில வந்து ஸ்டைலா இறங்கற மாதிரி முதல்ல எடுக்கணுமாம். ஹெல்மெட்டைக் கழட்டினா முடி கலையுதுன்னு நாலு தடவை ஊரைச் சுத்திட்டுச் சுத்திட்டு வந்தார். எனக்குக் கை மரத்துப்போச்சு. தம்பி வந்து போனை ஒரு ஸ்டூல் மேல சாய்ச்சுவெச்சு, 'நீ போ அக்கா, நான் பாத்துக்கறேன்'னான். தப்பிச்சேன்னு உள்ள போயிட்டேன்."

"வீடியோவை எனக்கு அனுப்புங்க. என் உதவியாளருக்கும்" என்றார் அம்மணி. சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு வயரை எடுத்து இடது காதில் செருகிக்கொண்டார். யோசிக்கும்போது அம்மணி பாட்டுக் கேட்பது வழக்கம்தான் என்பதால் குறிப்பு அதைக் குறிக்கவில்லை.

மச்சினனின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை. கதவைத் திறந்தால் எண்ணெய் வாசனை. சுவர் முழுக்க பெல்ட்டுகள், டப்பா டப்பாவாக பாபின்கள், தரையெல்லாம் அறுந்த நூல். நாற்பது வயதுக்காரன். ஒரு மிஷினின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, அதன்மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல் இருந்தது. இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"விரல்ல என்ன?" என்றான் குறிப்பு.

"ஊசி. நகத்தோட ஏறிடுச்சு. இந்தத் தொழில்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்மையும் சேத்துத் தைச்சுக்குவோம்."

"இருமல் உண்டா?"

"இல்லையே. ஏன்?"

"மிட்டாய் பிடிக்குமா?"

அவன் அம்மணியைப் பார்த்தான். 'இவர் எப்பவுமே இப்படித்தானா?' என்று அந்தப் பார்வை கேட்டது. 'எப்பவுமே' என்று அம்மணியின் பார்வை சொன்னது.

"தம்பி, நேரா கேக்கறேன்" என்றார் அம்மணி. "நீங்க அந்த இஞ்சின்ல கைவெச்சீங்களா?"

"கைவெக்கலைம்மா. வாயைத்தான் வெச்சேன். அது அதைவிடத் தப்பாப் போச்சு."

"புரியற மாதிரி சொல்லுங்களேன்."

"சொல்ல என்ன இருக்கு? நடந்தது எல்லாருக்கும் தெரியும். முழுசா பாத்தீங்களான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுத்தான் கேட்டேன். பாத்தோம்னு நாப்பத்துமூணு பேரும் கையெழுத்துப் போடாத குறையா எழுதிட்டாங்க. தெரிஞ்சே என்னைத்தான் வெளிய தள்ளணும்னா தள்ளட்டும். இத்தனை பேரு ஒருத்தனைப் பிடிக்கலைன்னு சொன்னா, அதுக்கப்புறம் அங்க என்ன வேலை?" சக்கரத்தை ஒருமுறை சுற்றினான். "அக்காவைத்தான் நினைச்சா..."

வாக்கியத்தை முடிக்காமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினான். "ஷெட்டு சாவி. குடுத்துடுங்க."

அம்மணி கையை நீட்டவில்லை. "அஞ்சு மணிக்கு நீங்களே வந்து குடுங்க."

"அந்த வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு இருக்கேம்மா."

"வாசப்படிக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. வெளி கேட்டு வரைக்கும் அவர் ஒண்ணும் சொல்லலை."

வெளியே வந்ததும் குறிப்பு துள்ளினான். "மேடம், ஒத்துக்கிட்டான்! 'நடந்தது எல்லாருக்கும் தெரியும்'னான். இதுக்கு மேல என்ன வேணும்? எழுதிக்கிட்டேன்."

"வீடியோ பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"முழுசா?"

"முழுசா."

"எப்படி இருந்தது?"

"அருமை மேடம். நம் தலைமுறைக்கு ஒரு பாடம்."

அம்மணி நடுத்தெருவில் நின்றார். "உனக்கு அது வந்து எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"இருபது... இருபத்தஞ்சு இருக்கும்."

"அது எத்தனை நிமிஷ வீடியோ?"

குறிப்பு வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உண்மையில் அவன் பார்த்தது ஒன்றரை நிமிடம். அதில் ஒரு நிமிடம் தலைவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"குற்றம் எப்படி நடந்ததுன்னு நீயே செஞ்சு காட்டிட்டே. நன்றி" என்றார் அம்மணி. "இப்போ எனக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி வேணும்."

"சட்டை கசங்கலையே மேடம்?"

"சட்டைக்கு இல்லை."

ஐந்து மணிக்கு வீட்டு முன்புறம் நாற்பத்துமூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. வழக்கமாகப் பதினைந்து பேர்கூட வராத கூட்டம் அது. யாரையாவது வெளியே தள்ளுகிறார்கள் என்றால் மனிதனுக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. நடுவில், ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த வண்டி. அதன் பக்கத்தில் முழங்காலிட்டு, அரைமணி நேரமாக, தலைவரின் மனைவி இஞ்சினுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷமா உங்க சட்டையத்தான் தேய்ச்சேன்" என்றார் கணவரிடம். "இது ஒண்ணுதான் பாக்கி."

"மேடம், இது என்ன கூத்து?" என்று தலைவர் கத்தினார்.

"சங்கத்து நிகழ்ச்சிதான் சார். செய்முறை விளக்கம்." அம்மணி ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். இடைவெளி அளக்கும் தகடு. தலைவரின் சொந்தத் தகடு. "நாலரை மணிக்கு, உங்க கண்ணு முன்னாடி, இந்தத் தகட்டை உள்ளே விட்டுப் பாத்தோம். போச்சா?"

"போகலை. அதைத்தானே காலையிலேருந்து சொல்றேன்? இறுக்கிட்டான்!"

"அதுக்கப்புறம் யாராவது ஸ்பானர் தொட்டாங்களா?"

"இல்லை. தொட்டா கோடு ஒடைஞ்சிருக்குமே" என்றவர், சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டார். மெல்லக் குனிந்து நட்டைப் பார்த்தார். ரோஸ் கோடு ஒரு கீறல் இல்லாமல் நேராக இருந்தது. காலையிலிருந்து அவர் இடைவெளியைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், கோட்டைப் பார்க்கவில்லை.

"குறிப்பு, தகட்டை விடு."

குறிப்பு விட்டான். தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"ஒருத்தரும் தொடலை. ஆனா இடைவெளி வந்துடுச்சு" என்றார் அம்மணி. "சிலிண்டர் அலுமினியம், உள்ளே இருக்கற தண்டு இரும்பு. சூடு பட்டா அலுமினியம் புது மாப்பிள்ளை மாதிரி விரிஞ்சுக்கும். இரும்பு மாமனார் மாதிரி, அவ்வளவு சுலபத்துல அசையாது. அதனால சூட்டுல இடைவெளி பெரிசா தெரியும். அதை நம்பிச் செட் பண்ணா, ஆறினதும் இடைவெளி காணாமப் போகும். மாப்பிள்ளை, மாமனார் மட்டும்தான் நான் சேத்தது. மீதி உங்க கையேட்டுல ஆறாம் பக்கம். 'இஞ்சின் ஒரு ராத்திரி முழுக்க ஆறிய பிறகே கைவைக்க வேண்டும்.' அடிக்கோடும் போட்டிருக்கீங்க."

தலைவர் நிமிர்ந்தார். முகம் இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடாக இருந்தது. "அப்போ நான் சூட்டுல செட் பண்ணேன்னு சொல்றீங்களா? நானா? அந்த வரியை எழுதினவனே நான்தான்!"

ஊருக்குத்தான் உபதேசம் என்று குறிப்பு எழுதிக்கொண்டான்.

"மிட்டாய் ஆறின இஞ்சின்ல உருகி மூணு தகடு இறங்காது சார்."

"அது எவன் மிட்டாயோ! எப்போ வெச்சதோ! நான் சூட்டுல கைவெச்சதை யாராவது பாத்தாங்களா? சாட்சி உண்டா?"

"உண்டே. நாப்பத்துமூணு சாட்சி." அம்மணி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தலைவரோட வீடியோவை முழுசா பாத்தவங்க கையைத் தூக்குங்க."

நாற்பத்துமூன்று கைகள் உயர்ந்தன. செயலாளர் இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்படியே வெச்சிருங்க" என்ற அம்மணி, காதிலிருந்த வயரைப் பிடுங்கி, போனின் சத்தத்தைக் கூட்டி, பன்னிரண்டாவது நிமிடத்துக்குத் தள்ளினார். அப்போதுதான் குறிப்புக்கு உறைத்தது. மத்தியானம் முழுக்க அம்மணி கேட்டது பாட்டு இல்லை.

போனிலிருந்து தலைவரின் குரல் கணீரென்று வந்தது. "...நினைவிருக்கட்டும் நண்பர்களே, இஞ்சின் ஆறியிருக்கணும். குழந்தை மாதிரி ஒரு ராத்திரி தூங்கியிருக்கணும். அதுக்கப்புறம்தான் நாம... ஸ்ஸ்! ஆ! சுட்டுடுச்சு... அந்தத் துணியை எடு."

அடுத்து இன்னொரு குரல், தயங்கித் தயங்கி: "அத்தான், இப்பத்தானே நாலு சுத்து ஓட்டிட்டு வந்தீங்க. கொதிக்குதே. இப்போ செட் பண்ணா காலையில ஆறினதும் வண்டி எழுந்திருக்காது அத்தான். நாளைக்கு விடியக்காலம் நான் வந்து—"

"ரெக்கார்டு ஆகுதுடா! தையல் மிஷின்னு நினைச்சியா? போ அந்தப் பக்கம். சனியன், இந்த மிட்டாய் வேற பேச விடமாட்டேங்குது." மெல்லிய 'சுர்' என்ற சத்தம். பிறகு, "ஆக நண்பர்களே, இஞ்சின் ஆறியிருக்கணும்..."

"சரி அத்தான்" என்று தூரத்தில் அந்தக் குரல்.

அம்மணி நிறுத்தினார்.

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் எந்த நுணலும் அதை வீடியோ எடுத்து, நாற்பத்துநான்கு பேருக்கு அனுப்பி, கைதட்டலும் வாங்கியதில்லை.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் இறக்கும் சாக்கில் தலையைக் கோதிக்கொண்டார். இன்னொருவர் கொசு அடித்தார். செயலாளர் மட்டும் ஒரு கையைப் பாதியில் வைத்துக்கொண்டு, "நான் பாத்த ரெண்டு தடவையும் அந்த இடத்துல சிக்னல் போயிடுச்சு" என்றார்.

"நாலு பத்துக்குப் போட்ட நாப்பத்தொரு நிமிஷ வீடியோவை நாலு பன்னிரண்டுக்கு நீங்க பாராட்டியாச்சு" என்றார் அம்மணி. "நாலு அம்பத்திரண்டுக்குத்தான் ஒருத்தர் வாயைத் திறந்தார். கணக்குப் போடுங்க. இந்தச் சங்கத்துல தலைவர் பேச்சைக் கடைசி வரைக்கும் கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். அவரைத்தான் தூக்கப்போறீங்க."

கேட்டுக்கு வெளியே ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். மச்சினன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"யாருமே பாக்கலையா?" என்றான்.

நாற்பத்துமூன்று பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"ஒருத்தர்கூடவா? நான் சொன்னதைக் கேட்டுட்டும் எல்லாரும் அத்தான் பக்கம் நிக்கறீங்கன்னு நினைச்சு, நேத்து சாயங்காலத்துலேருந்து உங்க நாப்பத்துமூணு பேரையும் தனித்தனியா பேர் சொல்லித் திட்டிட்டு இருந்தேனே!" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க. நீங்க கெட்டவங்க இல்லை. சோம்பேறிங்க."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகத் தலைவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சூட்டில் மறுபடி இளகியிருந்த மிட்டாயைத் துணியால் துடைத்தார்.

"நானும் பாக்கலை" என்றார் கடைசியில், வண்டியிடம். "போட்டேன். யாரு யாரு கைதட்டினாங்கன்னு பாத்தேன். அதை மட்டும்தான் பாத்தேன்."

பிறகு எஃகுத் தகட்டை எடுத்துக்கொண்டு கேட்டருகே போனார். எல்லோரும் பார்க்க, அதை மச்சினன் பக்கம் நீட்டினார்.

"இந்தா. நீயே செட் பண்ணு."

மச்சினன் வாசலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். தலைவர் ஓரமாக விலகி வழிவிட்டார். அவன் உள்ளே வந்தான். இஞ்சினைத் தொட்டான், பிளாஸ்திரி போட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இப்போ முடியாது அத்தான். அக்கா நல்லா தேய்ச்சு வெச்சிருக்கா. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில வரேன்."

தலைவரின் மனைவி இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டிய வயரையே மறுபடி அவிழ்த்துச் சுருட்டினார். "எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"வெறும் வயித்தோட வா."

மச்சினன் தலையாட்டினான். நினைவு வந்தவனாகச் சாவியை நீட்டினான். "இது, அத்தான். அஞ்சு வருஷமா என்கிட்டயே இருக்கு."

தலைவர் அதை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆறு மணிக்கு யாரு எழுந்து உனக்குக் கதவு திறக்கறது? உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "அந்த ஸ்பானரை மட்டும் கொண்டா."